முன் அறைச் சுவிட்ச்

பின்னேரம் ஐந்தரை. உட்துறைமுக வீதியில் ஒரு நாய்கூட இல்லை. ஆறு மணிக்கு ஊரடங்கு... தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு.

நம் ஹிஸ்புல்லாவின் மாமா முனாப், கரண்ட் வேலை செய்பவர். அவருக்கு நடந்தது இது. ஹிஸ்புல்லா இங்கேதான் இருக்கிறான், பொய்யென்றால் சொல்லட்டும்.

வீதியின் கடைசி வீட்டில் புஷ்பவதி தனியாக இருந்தார். அவருடைய கணவர் சோமசேகரத்தை மூன்று வருடங்களுக்கு முன் ஆமிக்காரர் விசாரணைக்கென்று கூட்டிப் போனார்கள். அவரும் திரும்பவில்லை, அன்று கூடப் போன மற்றக் குடும்பங்களும் திரும்பவில்லை. வீட்டு வயர்கள் உப்புக் காற்றில் இற்றுப் போனதால், எல்லாவற்றையும் புதிதாக மாற்ற மாமாவைக் கூப்பிட்டிருந்தார்.

மாமா கொண்டுபோன சுவிட்சுகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார் புஷ்பவதி. வெள்ளை. தட்டையானது. சத்தமில்லாதது. சமைக்கும் குசினிக்கு இரண்டு பிளக், கட்டிலடியில் ஒன்று. முன் அறைக் கதவருகே இருந்த பழைய மண்ணிற உருண்டைச் சுவிட்சை மாற்றுவதா விடுவதா என்று மட்டும் இரண்டு நாள் யோசித்தார்.

அன்று பின்னேரம்தான் சொன்னார். "அதையும் கழட்டுங்கோ தம்பி. அவர் வேலையால வந்தா முதல் அதைத்தான் போடுவார்... இனி என்னத்துக்கு?"

மாமா வீட்டுக்கு வரும் கரண்ட் மெயினை நிறுத்தினார். சுவிட்சைக் கழற்றிக் கதிரை இருக்கையில் வைத்துவிட்டு, புதியதை எடுக்கக் குனிந்தார்.

டக்.

திரும்பினார். கதிரையில் கிடந்த சுவிட்சின் குமிழ் கீழே இறங்கியிருந்தது. மேலே தள்ளினார். கையை இன்னும் எடுக்கவில்லை... டக். அவருடைய விரலையும் அமுக்கிக்கொண்டு இறங்கியது.

அறை முழுக்க ஈர மணல் வாசம். அழுகிய பாசி வாசம்.

"அக்கா... இத தொட எனக்கு ஏலாது."

புஷ்பவதியின் முகத்தில் பயமே இல்லை. "அதை இருந்த இடத்திலேயே திரும்பப் பூட்டுங்கோ தம்பி. அவர் இருட்டில நிக்கிறார்."

ஆறு மணிக்குப் பத்து நிமிடம். மாமா பழைய சுவிட்சைத் திரும்பச் சுவரில் வைத்தார்; ஆணி இரண்டு முறை விழுந்தது. கடைசி ஆணியை முறுக்கியபோது, அவருடைய விரலுக்கு மேல் இன்னொரு விரல் வந்து படிந்தது. குளிர்ந்த விரல். தண்ணீரில் ஊறிய விரல்.

அழுத்தியது.

லைட் எரிந்தது. மெயின் நிறுத்தியபடியே இருந்தது.

மாமா போட்டது போட்டபடி ஓடினார். வாசல் படலையில் நின்று திரும்பிப் பார்த்தார். அந்த வெளிச்சத்தில் புஷ்பவதி, யாருக்கோ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

விடிந்து ஊரடங்கு எடுத்த பிறகு, சாமான்களை எடுக்கப் போனார். புஷ்பவதி சுவரைப் பார்த்தபடி நின்றார். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஈரக் கைத்தடம். நடுவிரல் வளைந்திருந்தது.

"இது அவற்ர கை, அவருக்கு நடுவிரல் இப்பிடித்தான்," என்றார்.

பிறகு வீட்டின் உட்பக்கம் கையை நீட்டிக் காட்டினார். சுவர் நெடுகத் தடங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக... பெரியவை, சின்னஞ்சிறியவை. இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"தம்பி... மற்றதெல்லாம் ஆரின்ர கை?"