நாற்பதுக்கு ஒரு கைக்கடிகாரம்

நான்: …கறுப்பு டயல் வேண்டாம். எடுத்து உள்ள வச்சிடுங்க தம்பி.

அவர்: கறுப்பே இருக்கட்டும். வைக்காதீங்க தம்பி.

கடைத் தம்பி: மேடம்… சார்… வைக்கவா, வேண்டாமா?

அவர்: பாதி வைங்க.

நான்: ஏங்க, நாப்பது வயசு ஆம்பளைக்கு இவ்வளவு பெரிய வட்டமா? சாப்பாட்டுத் தட்டைக் கைல கட்டின மாதிரி இருக்கு.

கடைத் தம்பி: மேடம், ஒரு நிமிஷம். நாங்க இங்க வயசுக்கு ஏத்த மாதிரிதான் அடுக்கி வச்சிருக்கோம். படிப்பு முடிச்சு முதல் வேலைக்குப் போறவருக்கு இந்த ஸ்டீல். கீழ போட்டாலும் தாங்கும். முப்பதுல ஓடியாடற வயசு… அதுக்கு இந்த மூணு குட்டி முள் வச்சது. நாப்பதுல மனுஷன் கொஞ்சம் நிதானத்துக்கு வந்துடுவார். உசத்தியா இருக்கணும், ஆனா கத்தக் கூடாது. மெல்லிசா, சட்டைக் கைக்குள்ள போயிடற மாதிரி…

அவர்: எழுபதுக்கு?

கடைத் தம்பி: எழுபதுக்குத் தங்கம் சார். எண்ணெல்லாம் பெருசா இருக்கும். உங்களுக்கும் ஒண்ணு காட்டவா?

அவர்: எனக்கு மாத்திரை டப்பா இருக்கு. காலை, மதியம், ராத்திரின்னு அதுவே பெரிய எழுத்துல சொல்லிடும்.

நான்: விளையாட்டு போதும். தம்பி, நாளைக்கு எங்க பையனுக்கு நாப்பது. எங்களுக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. ரெண்டு பேரும் சரின்னு சொன்னாதான் வாங்குவோம். பதினெட்டுக்கும் இருபத்தஞ்சுக்கும் இங்கதான் வாங்கினோம். முப்பதுக்கு வந்து, இதே மாதிரி இழுத்து இழுத்து, வெறுங்கையோட திரும்பிப் போனோம்.

அவர்: ஒரு மாசம் என்கூடப் பேசல.

நான்: ரெண்டு மாசம். இன்னைக்கும் அப்படிப் போனா, நான் இந்தப் படி ஏறுறது இதோட சரி. அவனுக்கு வாட்ச் பார்க்கிறதும் இதோட சரி.

அவர்: அப்படியெல்லாம் சொல்லாத…

நான்: சொல்லிட்டேன்.

கடைத் தம்பி: அதெல்லாம் போக மாட்டீங்க மேடம். நான் எதுக்கு இருக்கேன்? சொல்லுங்க, மகன் என்ன வேலை பார்க்கிறார்? அத வச்சே பாதி முடிவு பண்ணிடலாம்.

நான்: ஆபீஸ் வேலை.

அவர்: பாலம் கட்டுறான்.

கடைத் தம்பி: …ரெண்டுமா?

நான்: பாலமா? எப்பலேர்ந்து?

அவர்: ஒரு நாலஞ்சு வருஷமா.

நான்: என்கிட்ட சொல்லவே இல்லையே!

அவர்: சொன்னா, வெயில்ல நிக்கிறானா, தலைக்கு என்ன போடுறான்னு ஆரம்பிச்சுடுவ.

நான்: …நிக்கிறானா?

அவர்: தொப்பி போட்டுப்பான்.

கடைத் தம்பி: அப்போ தூசி, தண்ணி எல்லாம் படும். அதுக்கு…

நான்: இல்ல தம்பி, ஆபீஸ்தான். படம் வரையற ஆபீஸ். சின்ன வயசுலேர்ந்தே சுவரு ஒண்ண விட மாட்டான்.

அவர்: பாலத்துக்கும் முதல்ல படம் வரையணும்ல?

நான்: …சரி. வரையட்டும். கட்டுறத மத்தவங்க போய்க் கட்டட்டும்.

கடைத் தம்பி: சரி மேடம், வரையறார். ஆள் எப்படி? ஒல்லியா, கனமா?

நான்: ஒல்லி. என் தம்பி மாதிரி. ஊதினா பறந்துடுவான்.

அவர்: தொப்பை வந்திருக்கும். எனக்கு முப்பத்தஞ்சுலயே வந்துச்சு.

நான்: உங்களுக்கு வந்தா எல்லாருக்கும் வரணுமா?

கடைத் தம்பி: வந்திருக்குமா? பார்த்து ரொம்ப நாளாச்சா சார்?

அவர்: ம்… கொஞ்ச நாளாச்சு.

கடைத் தம்பி: குழந்தைங்க? ஏன் கேக்கிறேன்னா, கைக்குழந்தை இருந்தா ஓரம் கூர்மையா இருக்கிற வாட்ச் வேண்டாம். கீறிடும்.

நான்: ஒரே பொண்ணு. பள்ளிக்கூடம் போறா.

அவர்: ரெண்டு. சின்னது இப்பதான் தவழுது.

நான்: ரெண்டாவதா!

அவர்: ஆமா.

நான்: ஏங்க… பையனா, பொண்ணா?

அவர்: நீயே சொல்லேன்.

கடைத் தம்பி: சார், தப்பா எடுத்துக்காதீங்க. பேரப்பிள்ளை எத்தனைன்னே… எனக்குத் தலை சுத்துது. அவருக்கே ஒரு போன் போட்டுடலாமே?

அவர்: எடுக்க மாட்டான்.

நான்: அங்க டவர் கிடைக்காது.

கடைத் தம்பி: எடுக்க மாட்டாரா, கிடைக்காதா?

அவர்: ரெண்டும்.

கடைத் தம்பி: ஒரு போட்டோ இருந்தாலாவது…

நான்: இருக்கு, பர்ஸ்லயே…

அவர்: அது பழசு தம்பி. உதவாது.

கடைத் தம்பி: சரி, வேற வழியில வரேன். எங்ககிட்ட முன்னாடி வாங்கியிருக்கீங்கல்ல, பதினெட்டுக்கும் இருபத்தஞ்சுக்கும்? அந்த ரெண்டையும் எப்படிக் கட்டுறார்? தினமுமா, விசேஷத்துக்கா?

நான்: ரெண்டும் நல்லா ஓடுது. தினமும் காலைல தவறாம இவர்தான் சாவி கொடுப்பார்.

கடைத் தம்பி: மகன் வாட்ச்சுக்கு நீங்களா சார் சாவி கொடுக்கிறீங்க?

அவர்: அவனுக்கு எங்க நேரம்?

நான்: தம்பி, அந்த வெள்ளி நிறம் காட்டுங்க. அவன் கைக்கு அது…

அவர்: அது பேங்க் மேனேஜர் கட்டுறது. அவன் கட்ட மாட்டான்.

நான்: நீங்களா கட்டப் போறீங்க?

அவர்: நீயா கட்டப் போற?

கடைத் தம்பி: சார், மேடம், ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. ஒண்ணு செய்யலாம். உங்க மகனைப் பத்தி ரெண்டு பேரும் ஒத்துக்கிற மாதிரி ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு போதும். அத வச்சு நான் எடுத்துத் தரேன்.

அவர்: ஒரே ஒரு விஷயமா?

நான்: ரெண்டு பேரும் ஒத்துக்கிற மாதிரியா?

கடைத் தம்பி: ஒண்ணுகூடவா இல்ல?

நான்: இடது கைக்காரன்.

அவர்: ஆமா, இடது கை! எழுதறது, பந்து எறியறது, எல்லாமே.

நான்: எழுதி முடிச்சா கை ஓரம் பூரா மை. சட்டைல வேற துடைப்பான்.

அவர்: டீச்சர் அடிச்சுக்கூடப் பார்த்தாங்க. மாறல.

நான்: நீங்க போய்ச் சண்டை போட்டீங்க.

அவர்: போட்டேன். சரியான சண்டை.

கடைத் தம்பி: இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா! இடது கைக்காரர்னா வாட்சை வலது கைல கட்டுவார். சாதாரண வாட்ச்ல சாவி கொடுக்கிற திருகு அப்போ முழங்கைப் பக்கம் திரும்பிடும். திருப்பறதுக்குள்ள கை வலிக்கும். இருங்க… இது. இதுல திருகு இடப்பக்கம். எங்கயாவது ஒண்ணு வரும், வந்தா உடனே போயிடும். ஸ்டீல் செயின், மெல்லிசு, கருநீல டயல்.

அவர்: …நல்லா இருக்கு. வெளிச்சம் இல்லாத இடத்துல கறுப்பாதான் தெரியும்.

நான்: வெளிச்சத்துல நீலம்.

கடைத் தம்பி: அப்போ… சரியா சார்?

அவர்: சரி.

கடைத் தம்பி: மேடம்?

நான்: …சரி.

கடைத் தம்பி: அப்பாடா! ஒரு பெரிய மூச்சு விட்டுக்கிறேன். மணிக்கட்டு அளவு தெரியுமா? தெரிஞ்சா இப்பவே செயின்ல லிங்க் கழட்டிச் சரி பண்ணிடலாம்.

நான்: பதினாலரை சென்டிமீட்டர்.

கடைத் தம்பி: இருக்காது மேடம். எங்க அக்கா பொண்ணு ஆறாவது படிக்கிறா, அவளுக்கே பதினாலு இருக்கும். மகனுக்குப் பதினேழு, பதினெட்டு வரும்.

நான்: பதினாலரைதான்.

அவர்: அவ சொல்ற அளவுக்கே கழட்டுங்க தம்பி.

கடைத் தம்பி: நீங்கதானே சார் தொப்பைன்னீங்க? தொப்பை போட்டவருக்குக் குழந்தை மணிக்கட்டா? கட்டிப் பார்த்துட்டு என்னைத்தான் திட்டுவார். இருங்க, நீங்க முன்னாடி வாங்கினப்போ கடையில எழுதி வச்ச கார்டுல என்ன அளவு இருக்குன்னு பார்க்கிறேன்… பதினெட்டு வயசு, ஸ்டீல், பதினாலரை. இருபத்தஞ்சு வயசு… பதினாலரை. ஏழு வருஷத்துல ஒரு நூல்கூட ஏறலையா? ஒண்ணுகூட சர்வீஸுக்கும் வரல. அட, கீழ எங்க பழைய மேனேஜர் பென்சில்ல எழுதியிருக்கார்… ‘சொல்ற அளவுக்குக் கழட்டிக் கொடு. எதுவும் கேட்காதே.’ சார், இது என்ன?

அவர்: நல்ல மனுஷன்.

கடைத் தம்பி: சரி… கேட்கக் கூடாதுன்னா கேட்கல. ஆனா முடியாதத எப்படிச் செய்வேன்? இந்தச் செயின்ல ரெண்டு பக்கமும் மும்மூணு லிங்க்தான் கழண்டு வரும். மிச்சம் சேர்த்து அடிச்சது. பதினாறுக்குக் கீழ இறங்காது மேடம். பெரிய ஆளுக்குன்னு செஞ்சது.

நான்: அப்போ வேண்டாம்.

அவர்: ஏய்… இப்பதானே சரின்ன?

நான்: பதினாலரை வராதுன்னா வேண்டாம். வாங்க, போகலாம்.

அவர்: பதினாறா இருந்துட்டுப் போகட்டுமே. பாலம் கட்டுறவன். கை வளர்ந்திருக்கும்மா.

நான்: நீங்க பேசாதீங்க. பதினாலரைன்னா பதினாலரை. இல்லேன்னா எதுவும் வேண்டாம். எனக்கு இந்தக் கடையே வேண்டாம்.

அவர்: இதோட சரின்னு சொல்லாத. நாளைக்கு அவனுக்கு நாப்பது.

கடைத் தம்பி: அம்மா… கோபப்படாதீங்க. ஒண்ணே ஒண்ணு. அந்த அளவு யார் எடுத்தது? எப்போ எடுத்தது?

அவர்: நான் எடுத்தேன்.

கடைத் தம்பி: நீங்களா சார்?

அவர்: அவனுக்குப் பன்னெண்டு வயசு. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வாசல்ல நிக்கிறான். வாட்ச் வேணும்ப்பான்னான். வலது கையை நீட்டினான். நானும் விளையாட்டா டேப் எடுத்து அளந்தேன். பதினாலரைடா, இந்தக் கைக்கு எவனும் வாட்ச் செய்யல, வளர்ந்துட்டு வா, வாங்கித் தரேன்னேன். சரின்னு போனான்… சாயங்காலம் ஆஸ்பத்திரியிலதான் பார்த்தோம். இவ அப்போ அடுப்படியில இருந்தா. இவளுக்கு இது எதுவும் தெரியாது. இருபத்தெட்டு வருஷமா… சொல்ல வாய் வரல எனக்கு.

நான்: தெரியும். பதினாலரைன்னு ஒரு சீட்டுல எழுதி அவன் சட்டைப் பையில வச்சு அனுப்பியிருக்கீங்க. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில அந்தச் சட்டையை என் கைலதான் கொடுத்தாங்க. பதினெட்டு வயசு வாட்ச்சுக்கு நான் அளவு சொன்னப்போ, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்கன்னு பார்த்தேன். இருபத்தஞ்சுலயும் பார்த்தேன். நீங்க கேக்கல… இன்னைக்குச் சொல்லிட்டீங்க. தம்பி, பதினாறாவே வச்சுக் கொடுத்துடுங்க.