முறைக்க ஒரு ஆள்

– "எப்பவும் கடுகடுன்னு இருப்பாக"ன்னு எழுது.

– மதினி, இது காணாமப் போன ஆளுக்குக் குடுக்கிற மனு. இதுல போயி...

– அடையாளம்னுதானே கேட்டிருக்கு? எழுதுலே டேவிட்டு. உங்க அண்ணன் மூஞ்சி எனக்குத் தெரியாதா?

– அடையாளம்னா மச்சம், தழும்பு. கடுகடுப்பை வச்சு எப்படித் தேடுவாக?

– வியாழக்கிழமை சாயங்காலம் மீன்பிடிக்க வள்ளத்தத் தள்ளுனவுக. வெள்ளி விடிய வந்திருக்கணும். இன்னைக்கு சனி. பன்னண்டு மணிக்கு மீனவர் சங்கத்து ஆளு மனுவ எடுத்துக்கிட்டு ராம்நாட்டுக்குக் கெளம்பிருவாரு. நீ என்னடான்னா...

– எழுதுறேன், எழுதுறேன். ஆன்டனி ராஜ்... வயசு நாப்பத்தொண்ணு... பாம்பன்... கொஞ்சம் உக்காருங்க மதினி. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டே இருந்தா எனக்குத் தலை சுத்துது.

– உக்கார முடியல.

– சரி, கடுகடுன்னா என்ன? கோவம் உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டு இருக்கிற மூஞ்சி. பக்கத்துல ஆளே இல்லாட்டியும் அப்படித்தான் இருக்கும். அண்ணன் அப்படியா?

– அப்ப சிடுசிடுன்னு போடு.

– சிடுசிடுன்னா வாயும் சேரணும். கேட்டதுக்கெல்லாம் வெடுக்குன்னு பதில் வரணும். அண்ணன் பேசுறதே ஒரு நாளைக்கு நாலு வார்த்தை.

– உம்முன்னு...

– அது உங்க மக ஆஸ்லினு. அப்பா வராம வெள்ளைக் கவுனைப் போட்டுப் பாக்க மாட்டேன்னு உக்காந்திருக்கே, அதுக்குப் பேருதான் உம்மு.

– அவளை இழுக்காத. நாளைக்கு அவளுக்குப் புதுநன்மை, கோயில்ல மொத தடவையா அப்பம் வாங்குற நாளு. அப்பன் இல்லாம எப்படிலே அவளக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போவேன்?

– மதினி...

– போறப்ப முறைச்சுக்கிட்டே போனாக. அதையாவது எழுது.

– யாரை முறைச்சாக?

– யாரையோ.

– யாரையோ முறைக்க முடியாது மதினி. கடுகடுப்பு தனியாவே கெடக்கும். முறைப்புக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும். கண்ணுக்குக் கண்ணு. கரையில அப்ப யாரு நின்னது?

– வக்கீல் மாதிரி குடையாத. பேனாவக் குடு, நானே எழுதுறேன்.

– தூக்குச்சட்டிய யாரு கொண்டுபோய்க் குடுத்தது?

– ... நான்தான்.

– எங்க வீட்டுப் பழக்கம் தெரியும்ல? சோத்தக் குடுக்கையில சிரிச்ச மூஞ்சியாக் குடுக்கணும். கடலுக்குப் போறவன் கடைசியாப் பாத்துட்டுப் போறது அந்த மூஞ்சியத்தான்னு...

– நிறுத்துலே! அவுக முறைக்கல.

– ம்.

– நான்தான். கூட வர்ற யேசுதாஸுக்குக் காய்ச்சல், ஒத்தையாப் போகாதீகன்னேன். பிள்ளைக்குப் புதுநன்மை வருது, ரெண்டு நாள் கரையில கெடங்கன்னேன். கேக்கல. சட்டியக் கையில கூடக் குடுக்கல டேவிட்டு... மணல்ல வச்சிட்டு முறைச்சுக்கிட்டே நின்னேன். அவுக சிரிச்சாக. அப்பவும் முறைச்சேன்.

– அழாதீக மதினி.

– அந்த மூஞ்சியப் பாத்துட்டுத்தான் போயிருக்காக. தெருவுல தெரிஞ்சா என்ன சொல்லுவாக? அவ மூஞ்சிதான் அவனத் தின்னுருச்சும்பாக. அதான் அவுக மேல தூக்கிப் போட்டேன். எனக்குப் பயமா இருக்குலே... ஏய், ஏன் மனுவக் கிழிக்கிற?

– இது வேணாம். நீங்க தண்ணி பிடிக்கப் போனீகல்ல, அப்ப ஒரு போன் வந்துச்சு.

– யாரு?

– அண்ணன்தான். வாலிநோக்கத்துல கரை ஏறிட்டாக. இன்ஜின் நின்னு போச்சாம். பாயக் கட்டி, காத்து இழுத்த பக்கமே போயி... ஒரு அடியும் படல. செல்லுதான் நனைஞ்சு போச்சு. யாரு போன்ல இருந்தோ பேசுனாக.

– மாதாவே... மாதாவே... உசிரோட இருக்காகளா!

– தேடிப் போன வள்ளத்துக்கும் அப்பவே சொல்லிட்டேன்.

– ஊருக்கெல்லாம் சொல்லிட்டு என்கிட்ட மட்டும் வாயில கொழுக்கட்டையா? அரை மணி நேரமா என் உசிரு போயிப் போயி வருது, நீ சிடுசிடுக்கும் உம்முக்கும் விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க!

– தப்புத்தான் மதினி. உடனே உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டாக. "உன் மதினி இன்னும் முறைச்சுக்கிட்டு இருக்காளான்னு பாத்துச் சொல்லு. முறைப்பு தணிஞ்சாத்தான் பஸ் ஏறுவேன்"னாக. இப்ப அந்த நம்பருக்குத்தான் போடப் போறேன்... என்ன சொல்லட்டும்?

– முறைச்சுக்கிட்டுத்தான் இருக்கான்னு சொல்லு. எதிர்ல ஆள் இல்லாம ரெண்டு நாளா செத்துக்கிட்டு இருக்கா, நாளைக்குப் பூசை மணி அடிக்கிறதுக்குள்ள வந்து எதிர்ல நிக்கச் சொல்லு.