வளையத்தைக் கழற்றியது ஆரின் அல்ல

என் பெயர் மார்லிஸ் டாலெஃப்சன். வயது நாற்பத்தெட்டு. கணவர் பெயர் ஆரின். விஸ்கான்சின் மாநிலம், ஓக் கூலி கிராமத்தில் குடியிருந்துகொண்டு, அங்குள்ள பாலாடைக்கட்டி ஆலையில் வேலை பார்த்து வருகிறேன். மது அருந்தியிருக்கிறீர்களா என்று போலீஸ் அதிகாரி கேட்டதற்கு, கையிலிருந்த பீரை ஆரின் தலையில் ஊற்றிவிட்டதால் குடிக்கக் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

நானும் ஆரினும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள். வில்லின் நாணில் கண்ணுக்கு நேராக ஒரு சிறு வளையம் கட்டுவோம். அதை பீப் என்போம். அதன் வழியாகப் பார்த்துத்தான் குறிவைப்பது. அதைக் கட்டும்போது, வில்லுக்கு உரியவர் கண்ணை மூடி நாணை முழுவதும் இழுத்து நிற்க, மற்றவர் முகத்துக்கு அருகே முகம் வைத்து, கண் இருக்கும் இடத்தை நாணில் குறிக்க வேண்டும். எனக்கு அப்படிக் குறித்த அன்றுதான் ஆரின் முதன்முதலாக என்னை முத்தமிட்டார். ஆகவே அது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கோடையில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஜோடி பாஸ்பிரிக் என்ற பெண், தனக்கும் வேட்டை கற்றுத்தரும்படி ஆரினைக் கேட்டார். அதன் பிறகு ஒரு நாள் நான் காபியோடு எங்கள் கொட்டகைக்குப் போனபோது, ஜோடி கண்ணை மூடி நின்றிருந்தார், ஆரின் குறித்துக்கொண்டிருந்தார். காபி ஆறும் வரை குறித்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் கண்ணத் தேடிட்டிருக்கியா?" என்று கேட்டேன்.

"அவ மூக்கு சின்னது மார்லிஸ், எடம் பிடிபடல" என்றார்.

என் மூக்கைப் பற்றி ஆரின் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதன் பிறகு, நான் எப்போதும் ஏறி உட்காரும் மரத்து மேடையை ஜோடிக்கு விட்டுக்கொடுக்கும்படி சொன்னார். "உனக்குத்தான் முட்டி வலிக்குதே" என்றார். அந்த மரத்தடியில் நடமாடும், இடது காது கிழிந்த பெரிய கலைமான் மேல் நான் பல வருடமாகக் கண்வைத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு வயிறு எரிந்தது. இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

அதன் பிறகு, நேற்று மதியம் ஜோடியின் வில் எங்கள் கொட்டகையில் இருந்தபோது, நாணைத் தளர்த்தி, வளையத்தைக் கழற்றி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தை என் சிவப்பு நூலால் இறுக்கிச் சுற்றி வைத்தேன். நாண் அறுந்து அவர் முகத்தில் அடிக்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தால் அந்த நூலைச் சுற்றியிருக்க மாட்டேன். குறி தப்ப வேண்டும், ஊர் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

மரத்தில் ஏறிய பிறகுதான் ஜோடி வளையம் இல்லாததைப் பார்த்திருக்கிறார். வெளிச்சம் நன்றாக மங்கிய பிறகு அந்த மான் மரத்தடிக்கே வந்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில் வளையம் வழியாகப் பார்த்தால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். வளையம் இல்லாததால் அவருக்கு மான் தெளிவாகத் தெரிந்து, அம்பு விலாவில் பாய்ந்துவிட்டது.

அதன் பிறகு மதுக்கடையில் எல்லோரும் கூடியிருந்தபோது ஜோடி, "அதக் கழட்டின புண்ணியவான் யாருப்பா? பீரு என் கணக்கு!" என்று கத்தினார்.

அதற்கு ஆரின், "நான்தான். இருட்டுல ஒதவாதுன்னு கழட்டிட்டேன்" என்றார். உடனே ஜோடி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

அதன் பிறகுதான் பீரை ஊற்றினேன். வளையத்தை எடுத்து மேசை மேல் வீசி, "நீ கழட்டினதுன்னா என் பைக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன். ஜோடி போலீசைக் கூப்பிட்டார்.

வெளியே ஆரின் என்னிடம், "செவப்பு நூலப் பாத்ததும் நீதான்னு தெரிஞ்சிருச்சு. ஒன்னக் காப்பாத்தத்தான் பொய் சொன்னேன்" என்றார்.

"காப்பாத்தறவன் கழுத்தக் குடுத்துக்கிட்டு நிப்பானா?" என்று கேட்டேன்.

மேற்படி வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் 'வளையம் கழற்றப்பட்டது' என்று மட்டும் அதிகாரி எழுதியிருந்ததால், 'என்னால்' என்று சேர்க்கச் சொன்னேன். சேர்க்கப்பட்டது. இப்போது எல்லாம் உண்மை.

(ஒப்பம்) மார்லிஸ் டாலெஃப்சன்