ஊட்ட இரிந்தே பார்க்கிற வேலை

கல்முனையில் அக்கரைப்பற்று பஸ் ஏறியதிலிருந்து, முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதைப் பற்றி பஸ் முழுக்கக் கேட்கப் பெருமையடித்துக்கொண்டு வந்தார்.

“அரிசி மில்லுக்கு இனிப் போகத் தேவையில்ல மச்சான். அங்க உள்ள கம்ப்யூட்டரெல்லாம் ஊட்ட இரிந்தே பார்க்கிறன். அதுக்குரிய சாப்ட்வெயாரும் இலவசம்.”

“அப்ப இப்ப எங்க போறாய்?”

குரல் இறங்கியது. “மில்லுக்கு.”

“ஏன்டாப்பா?”

“களவா ஒருத்தரும் கம்ப்யூட்டருக்குள்ள வரக்கூடாதெண்டு, நேத்து ஊட்ட இரிந்து, வெளியால இரிந்து வாற வழியெல்லாத்தையும் அடைச்சிட்டன்.”

“நல்லதுதானே?”

“நானும் வெளியால இரிந்து வாறவன்தானே! இப்ப ஊட்ட இரிந்து பில் அடிக்க ஏலாம மில்லில லொறியெல்லாம் நிக்கிது.”

அவருடைய போன் அடித்தது. “வஅலைக்குமுஸ்ஸலாம் முதலாளி... ஓம், ஊட்ட இரிந்துதான் பார்த்துக்கிட்டு இரிக்கன்.”

நண்பர் எழுந்து நின்று கத்தினார்: “கண்டக்டர், மில்லடியில ஒராள் இறக்கம்!”