ஆள் இல்லாத தூக்கம்

ஹலோ... ஆமா உஷாராணி அக்கா, மாதவிதான். கிள்ளான் வீடுதான்... இல்லக்கா, சத்தமாத்தான் பேசுறேன். என் குரலே இவ்வளவுதான்...

ஆமா, ஆமா. நீங்க குடுத்த, தூக்கத்த அளக்குற அந்த ஹெட்பேண்ட நாந்தான் தினம் அப்பா தலையில மாட்டிவிட்டுட்டுப் படுக்கறேன்... சார்ஜும் போடுறேன்... என்னது, மூளை சிக்னலே வரலையா? ஒரு வாரமாவா?... கம்ப்யூட்டர் என்ன காட்டுது?... ஆள் இல்லன்னு காட்டுதா?... அப்பா வீட்டுலதானேக்கா இருக்காரு!

இருங்க, கேட்டுப் பாக்கறேன். அப்பா, ராத்திரி இந்த ஹெட்பேண்ட என்னப்பா பண்றே?... யாருக்கு?... அய்யோ!

அக்கா... சிரிக்காதீங்க. அம்மா படத்துக்கு மாட்டுறாராம். சாமி மேடைல மாலை போட்டு வெச்சிருக்கோம்ல, அந்தப் படம்... விடிஞ்சதும் அவரே எடுத்து மேசையில வெச்சிருக்காரு, எனக்கு எப்படித் தெரியும்?... ஏன்னா, அம்மா கண்ண மூடுறதே இல்லையாம். அவங்கதான் தூங்கணுமாம்...

அப்ப அப்பாவ உங்க ஆராய்ச்சிலேர்ந்து எடுத்துருவீங்களா?... ம்... ம்... புரியுதுக்கா. மூளை ஸ்கேனும் வேணும், ராத்திரித் தூக்கமும் வேணும். ரெண்டும் சேந்தாதான் யாருக்கு மறதி வேகமா முத்தும்னு கம்ப்யூட்டர் கத்துக்கும்... ஆமா, தப்பாக் கத்துக்கக் கூடாதுதான்...

அடுத்த ஸ்கேனும் இல்லையா?... ஐயோ, தோசைக்காகக் கேக்கலக்கா! போன தடவ ஸ்கேன் முடிஞ்சு பிரிக்பீல்ட்ஸ் தோசைக் கடையில நாம மூணு பேரும் உக்காந்து சாப்பிட்டோம்ல... அதுக்கப்புறம் நான் எங்கயும் போகல. அப்பாவ விட்டுட்டு எப்படிப் போறது...

அப்ப... திங்கக்கெழம போனும் வராது... தெரியும்க்கா, நீங்க எத்தன வீட்டுக்குப் பேசணும்... இல்ல, அழல. பரவால்ல லா. வாரா வாரம் அப்பா எப்படித் தூங்குனாருன்னு கேப்பீங்க. இந்த வீட்டுக்கு வேற யாரு போன் பண்றா...

அப்பா, என்ன பண்றே? முடி இழுக்குது... நான் அம்மா இல்லப்பா, மாதவி... மாதவி... சரி, சரி. மாட்டு.

அக்கா, இருக்கீங்களா?... என் தலையில மாட்டிவிட்டுட்டாரு. தூங்கச் சொல்றாரு... பச்ச லைட் எரியுது. உங்க பக்கம் ஏதாவது வருதா?... வருதா!... அது நான்தான்க்கா... எடுத்துடுறேன், எடுத்துடுறேன். உங்க கணக்குல சேந்துடப் போகுது...

எடுக்கறதுக்கு முன்ன ஒன்னு கேக்கவா? உங்க கம்ப்யூட்டர்ல இப்ப ஆள் இருக்குன்னு காட்டுதா?...

ஹலோ?... அக்கா?... ஹலோ...