முத்திருளாயி நட்ட கரடு

கேளுங்கப்பா. இந்தப் பக்கம் ரோடே போடாத காலம். கரட்டுப்பட்டின்னு ஒரு ஊரு, ஊருக்கு மேக்க ஒரு கரடு, கல்லும் மண்ணுமா ஒரு சின்னக் குன்று. கரட்டுல நின்ன மரத்தப் பூராம் வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிட்டாக நம்மாளுக. வேரு போனா மண்ணு நிக்குமா? ஒரு ஐப்பசி மழையில கரடு சரிஞ்சு மேலத்தெரு மேல எறங்கிருச்சு. அந்தத் தெருக்காரி முத்திருளாயி தண்ணிக்குப் போயிருந்தா, தப்பிச்சா. அவ புருசனும் தொட்டில்ல கெடந்த புள்ளையும் மண்ணுக்குள்ள போயிட்டாக.

அவ அழுதாளான்னு யாரும் சொல்லல. மம்பட்டியத் தூக்கிட்டுக் கரட்டுல ஏறுனான்னுதான் சொல்லுவாக.

காட்டுக்குள்ள, பெரிய மரத்து நெழல்ல மொளச்ச நாவப்பழ மரத்துக் கன்ன வேரோட தோண்டியாந்து மொட்டக் கரட்டுல நட்டா. என்னாச்சு? எல வெளுத்துச்சு, வெளுத்துக் கருகிச்சு. மறுபடி நட்டா, மறுபடி கருகிச்சு. அப்பத்தான் ரோசிச்சா: நெழல்லயே பெறந்த எலையாச்சே, முழு வெயிலயும் ஒரே வாயில தின்னுன்னா எப்பிடித் திங்கும்? கன்னுக்குக் கன்னு பக்கத்துல அகத்திய ஊனுனா. அகத்தி மளமளன்னு வளந்து வெயில வடிகட்டிக் குடுத்துச்சு. கன்னு புது எல விட விட, அகத்தியக் கொஞ்சங் கொஞ்சமா ஒடிச்சு வெயில உள்ள விட்டா. வெயில்லயே விரிஞ்ச எல தடிச்சுக் கரும்பச்சையா வந்துச்சாம். எல வெயிலத் திங்கத் திங்கத் தண்டு பெருத்துச்சு, வேரு எறங்குச்சு.

அந்நேரம் பஞ்சம் வந்துச்சு. அவ கூடப்பொறந்த அண்ணன் மொக்கையன் ஆடு வச்சிருந்தான். ஆடு ஒண்ணொண்ணாச் சாகுது.

“தாயீ, அந்த அகத்தியக் குடு.”

“அகத்தி போனா கன்னு கருகும்ண்ணே. கன்னு போனா கரடு எறங்கும். ஒம் புள்ளைகளும் கீழதானே படுத்திருக்கு?”

“கன்னு பெருசா, கூடப்பொறந்தவன் பெருசா?”

அவ கொடத்தத் தூக்கிட்டுக் கன்னுக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டாளாம்.

மறுநா விடியவும் ஆட்டப் பத்திக்கிட்டுக் கரட்டுல ஏறிட்டான். அருவாள எடுத்து அகத்திய வெட்டி வெட்டிப் போட்டான். ஆடுக தழையத் தின்னுட்டுக் கன்னுல வாய வச்சுச்சுக. ஓடியாந்து குறுக்க விழுந்தா முத்திருளாயி. முடியப் பிடிச்சு இழுத்துப் பாறையில மோதுனான் மொக்கையன். பல்லு தெறிச்சுச்சு. எந்திரிச்சா. மறுபடி மோதுனான். மறுபடி எந்திரிச்சா. இப்பக் கையில மம்பட்டி. ஒரே வெட்டு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல. வெட்டிப்போட்ட தழை மேலயே விழுந்தான் அண்ணன். எந்திரிக்கல.

அவ ஓடல, ஒளியல. ரத்தம் பட்ட தழையப் பொறுக்கி, கன்னுகளுக்கு வெயில் படாம மறைப்புக் கட்டிக்கிட்டு இருந்தாளாம்.

மொக்கையன் மகன் சன்னாசி, எளவட்டம். சேதி கேட்டு ஓடியாந்தான். அப்பன் மேல விழுந்து கதறுனான். கதறிட்டு, அப்பன் கையில இருந்த அருவாள உருவுனான்.

“அத்தே!”

திரும்பிப் பாத்தா. “வா சன்னாசி. ஒன்னயத் தடுக்க மாட்டேன். கன்ன மட்டும் மிதிச்சிராம வாய்யா.”

அவன் மிதிக்கலையாம். ஒவ்வொரு கன்னா வெலகி, காலத் தூக்கித் தூக்கி வச்சு வந்தானாம். வந்து வெட்டுனானாம்.

உசிரு ஒடனே போகல. “தண்ணி”ன்னா. என்ன இருந்தாலும் அத்தை இல்லையா? அருவாளப் போட்டுட்டுக் கொடத்த எடுத்தாந்து வாயில ஊத்தப் போனான். மொகத்தத் திருப்பிக்கிட்டா. “எனக்கில்லடா. அதுக்கு.” கைய நீட்டிக் கன்னக் காட்டுனா. நீட்டுன கை அப்பிடியே விழுந்துருச்சு.

ஊத்துனான் சன்னாசி. அன்னைக்கு ஊத்த ஆரம்பிச்சவன் நிறுத்தவே இல்ல. அகத்தியத் திருப்பி ஊனுனான், திருப்பி ஒடிச்சான். பாசமோ, பயமோ, யாரு கண்டா? ஊரு அவன் கூடப் பேசல. கல்யாணத்துக்கே அசலூர்லதான் பொண்ணு எடுத்தானாம்.

மரம் ஆளு ஒசரம் தாண்டி நின்ன காலத்துல ஒரு அடமழை. எதுத்த மொட்டக் கரடு சரிஞ்சு ஓடையவே மூடிருச்சு. இந்தக் கரட்டுல ஒரு கல்லு உருளல.

நம்ம அந்தச் சன்னாசி வம்சம்தான்ப்பா. வெட்டுனவன் வம்சம். அதான் நம்ம வீட்டு ஆம்பளைக அருவாளோட அங்க ஏற மாட்டாக. ஊரு அதுக்கு நாவக் கரடு, ரத்தக் கரடுன்னு என்னென்னமோ பேரு வச்சுச்சு. எவனாச்சும் எங்க போறன்னு கேட்டா, சன்னாசி மட்டும், “அத்தை காட்டுக்கு”ன்னுவானாம், சாகுற வரைக்கும். அவன் ஒருத்தனுக்குத்தான் அவ அத்தை. இன்னைக்குப் பாரு, எந்த ஊருக்காரன் ஏறுனாலும் பஸ்சுல கண்டக்டரு கத்துறான்: “அத்தைக்காடு எல்லாம் எறங்கு!”