மூணு கிலோ ஈயம்

— ஏறி உக்காருடா. ஹெல்மெட்டையும் போட்டுக்கோ. ஆளோட சேத்துதான் எடை பாக்கணும்.

— உக்காந்தாச்சு. எவ்வளவு காட்டுதுக்கா?

— மறுபடியும் குறையுது. மூணு கிலோ.

— சூப்பர்!

— என்னடா சூப்பர்? போன ரேஸுக்குத்தான் ஒரு ஈயத் தகடு மாட்டினேன். அதுக்கு முந்தின ரேஸுக்கு ஒண்ணு. காரு அதே காரு, ஒரு ஆணி கூட மாறல. நீதான்டா கரைஞ்சுக்கிட்டே போற.

— கரையட்டுமே. காரும் ஆளும் சேந்து இவ்வளவு எடை இருக்கணும், விதி அவ்வளவுதானே? அந்த மூணு கிலோ என் உடம்புல இருந்தா மேல உக்காந்திருக்கும். ஈயமா கார் தரையில கிடந்தா வளைவுல கார் ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும். இது உனக்குத் தெரியாததா?

— தெரியும். அதுக்காகத் திங்காம கிடப்பியா? கண்ணாடி பாத்தியா நீ? சட்டை உன் மேல கொடியில காயப் போட்ட மாதிரி தொங்குது.

— கட்டுப்பாடுக்கா, கட்டுப்பாடு.

— காலையில பாத்ரூம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, அதுக்குப் பேரும் கட்டுப்பாடா?

— சும்மா ஒரு கிறுகிறுப்பு. அதைப் போய்ப் பெருசு பண்ணாத.

— இருநூறுல போறப்போ அந்தக் கிறுகிறுப்பு வந்தா?

— வராது.

— ஓ, உன்கிட்ட வந்து சொல்லிட்டுப் போச்சா? அம்மா தினமும் போன்ல "பையன் சாப்பிடுறானா"ன்னு கேக்கறா. நானும் வாய் கூசாம சாப்பிடுறான், சாப்பிடுறான்னு பொய் சொல்லிக்கிட்டிருக்கேன்.

— இந்த ஒரு ரேஸ்க்கா. பெரிய டீம்காரங்க மேல கேலரியில உக்காந்து பாக்கறாங்க. ஜெயிச்சா அடுத்த வருஷம் அவங்க காரை நான்தான் ஓட்டுவேன். அப்புறம் நீ ஊட்டி விட்டா கூட வாயைத் திறக்கறேன்.

— போன தடவையும் இதையேதான் சொன்ன. போதும் சாமி. இந்தத் தகட்டை நான் மாட்டப் போறதில்ல.

— என்னது?

— காதுல விழுந்துச்சுல்ல? தகடு இந்த மேசை மேலயே கிடக்கட்டும். அதுக்கான போல்ட் நாலும் என் பாக்கெட்டுல இருக்கு. எடை குறைஞ்சா எடை பாக்கற ஆபீசர் உன்னைத் திருப்பி அனுப்பிடுவாரு. எனக்கும் அதுதான் வேணும்.

— நீ என் மெக்கானிக்கா, இல்ல எதிரி டீம் மெக்கானிக்கா?

— நான் உன் அக்கா. அந்த டப்பாவுல சாப்பாடு இருக்கு. அதைத் தின்னுட்டு வயிறு முட்டத் தண்ணியும் குடி. எடை தானா ஏறும். ரேஸ் ஓட்டணும்னா அப்படி ஓட்டு. நான் போய் ஸ்பேர் டயருக்குக் காத்தடிச்சுட்டு வரேன்.

— அக்காவ்...

— கெஞ்சாத. கொன்னுடுவேன்.

— அடுத்த வண்டி! மெக்கானிக் அம்மா, காரைத் தள்ளிக்கிட்டு வந்து எடை மேடையில ஏத்துங்க. டிரைவர் உள்ளயே இருக்கட்டும்.

— ஏத்தியாச்சு, ஆபீசர் சார். கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்.

— கம்மியா? யாரு சொன்னா? கச்சிதமா இருக்கு. நூறு கிராம் கூடவே இருக்கு. எடுத்துட்டுப் போங்க.

— இன்னொரு தடவை பாருங்க சார்.

— பாத்தாச்சும்மா. எல்லாரும் கூட்டிக் காட்டுங்கன்னு என் உசுரை வாங்குவாங்க. நீங்க என்னடான்னா பாஸானதுக்கு முகத்தைத் தூக்கி வச்சுக்கிறீங்க. நகருங்க, பின்னாடி வரிசை நிக்குது.

— டேய், சாப்பிட்டியா?

— டப்பாவை வழிச்சு நக்கிட்டேன். மேல ரெண்டு பாட்டில் தண்ணி. வயிறு குடம் மாதிரி இருக்கு, போதுமா?

— என் ராசா! இப்பதான்டா எனக்கு உசுரே வந்துச்சு. போ, போய் ஜெயிச்சுட்டு வா.

— தம்பி, ரேடியோ கேக்குதா?

— நல்லா கேக்குதுக்கா. மூணாவது இடம்! பாத்தியா, எப்படி ஒட்டிக்கிட்டுப் போகுதுன்னு!

— பாத்தேன். மேசையைச் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தேன். சாப்பாட்டு டப்பாவை நீ திறக்கவே இல்ல.

— இவன் வேற வழிய விடாம மறிக்கறான்...

— தகட்டையும் காணோம்.

— அக்கா, அப்புறம் பேசலாம்.

— எங்கடா வச்ச?

— சீட்டுக்குக் கீழ. என் தொடைக்கு நேரா.

— எதால மாட்டின? போல்ட் நாலும் என்கிட்ட இருக்கு!

— டேப். நல்லா இறுக்கி ஒட்டியிருக்கேன், பயப்படாத.

— மூணு கிலோ ஈயத்தை டேப் போட்டு ஒட்டினியா? அறிவிருக்காடா உனக்கு? உடனே உள்ள வா!

— இன்னும் நாலே சுத்துதான். இதோ, அவனைத் தாண்டிட்டேன்! ரெண்டாவது இடம்க்கா!

— நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. வச்ச இடத்துல இருக்கா?

— சூட்டுல டேப் விட்டுடுச்சு போல. ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் முன்னாடி வழுக்கிக்கிட்டு வந்து குதிகால்ல இடிக்குது. இடது காலால பின்னாடி தள்ளி விட்டுக்கிட்டே ஓட்டறேன்.

— அட கடவுளே! அது பிரேக் பெடலுக்குக் கீழ போய்ச் சிக்கிச்சுன்னா? பெடல் கீழ இறங்கவே இறங்காதுடா!

— தெரியும். அதான் தள்ளி விடறேன்ல.

— நான் ஆபீசர்கிட்ட சொல்லப் போறேன்.

— சொல்லாதக்கா! கட்டாத ஈயத்தை வச்சுக்கிட்டு ஓட்டினவனை அப்புறம் எவன் கார்ல ஏத்துவான்? என் வாழ்க்கையே போயிடும். ப்ளீஸ்க்கா, நாலு சுத்து.

— வாழ்க்கை போனாப் போகட்டும், நீ எனக்கு வேணும்டா! சார்! ஆபீசர் சார்! ரேஸை நிறுத்துங்க! என் தம்பி கார்ல ஈயத் தகடு கட்டாம கிடக்கு!

— என்னம்மா உளர்றீங்க? நான்தானே எடை பாத்து அனுப்பினேன்?

— எடையைத்தானே சார் பாத்தீங்க! கொடி காட்டச் சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்.

— எந்திரிங்கம்மா, எந்திரிங்க. ஹலோ, கொடி மேடையா? சிவப்புக் கொடி காட்டுங்க! ஆமா, எல்லா வண்டியும் நிக்கணும்! உடனே!

— தம்பி, கொடி தெரியுதா?

— தெரியுது. நெசமாவே சொல்லிட்டியேக்கா.

— உள்ள வந்து எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கோ. இப்ப ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு மெதுவா வா.

— கண்ணு இருட்டுது...

— டேய்! டேய், பேசு!

— இருக்கேன், இருக்கேன். தெளிஞ்சுடுச்சு. முன்னாடி முதல் வண்டியும் ஒரு சுத்து பின்தங்கின வண்டிங்களும் வளைவுல நின்னுக்கிட்டிருக்கு.

— தகடு கால்ல இடிக்குதா?

— இப்ப இடிக்கல.

— அப்பாடா. பின்னாடி போயிடுச்சா?

— பின்னாடி இல்லக்கா. காலால துழாவிப் பாத்துட்டேன்.

— அப்ப எங்கடா போச்சு?

— பிரேக்கை மிதிச்சாதான்க்கா தெரியும்.